நான்கு கத்திரி வெயில் பார்த்த அண்டர்வோல்ட்

கடலூரில் எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகிற சாலையில் இருக்கிறது. கம்ப்யூட்டர் இருப்பது மாடி அறையில். மேலே வெறும் தளம், அறையில் ஏசி கிடையாது. மற்ற மாதங்களில் மதியத்துக்குமேல் கடல்காற்று வந்துவிடும். கத்திரியில் மேல்காற்று ஓங்கி அடிக்கிற நாட்களில் அந்தக் காற்று மூன்று, நான்கு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். அதுவரை அறையில் 35, 36 டிகிரி.

2022இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மே மாதத்தில் நடந்தது. மகள் அதே அறையில் படித்துக்கொண்டிருப்பாள், நான் பக்கத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்வேன். எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் ரெண்டரைப் போட்டதும் கூலர் ஃபேன் இரைய ஆரம்பிக்கும். "அப்பா, இது எப்ப முடியும்?" என்று ஒரு ராத்திரி கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

என் கம்ப்யூட்டரின் பிராசஸர் ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ். பெட்டியில் 105 வாட் என்று போட்டிருந்தாலும் சாக்கெட் வழியாக 142 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. கணக்குப் போடும் பகுதிகளான எட்டு கோரும் சுமார் 80 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள ஒரே சில்லில் அடங்கியிருப்பதால், அவ்வளவு சின்ன இடத்திலிருந்து சூட்டை வேகமாக வெளியே எடுப்பது எந்தக் கூலருக்கும் கஷ்டம். 90 டிகிரி வரை போகலாம் என்று தயாரிப்பாளரே வகுத்திருப்பதால் எனக்குப் பிராசஸரைப் பற்றிப் பயம் இல்லை. கவலையெல்லாம் சத்தமும் அறைச் சூடும்தான். பெரிய கூலர் வாங்கினால் சத்தம் குறையலாம், ஆனால் அந்தச் சூடு அதே அறைக்குள்தானே கொட்டும்? அதனால் சூட்டை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பது என்று முடிவு செய்தேன்.

கணக்கு எளிது. ஒரே வேகத்தில் ஓடும் சில்லின் மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தை ஒட்டி ஏறி இறங்கும். 1.3 வோல்ட்டை 1.2 ஆக்கினால் குறைவது எட்டு சதவீத வோல்டேஜ்தான், மின்செலவோ ஏறக்குறைய 15 சதவீதம் இறங்கும். தொழிற்சாலையில் எல்லாச் சில்லுக்கும் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகத்தான் வோல்டேஜ் வைத்து அனுப்புகிறார்கள். அந்தத் தாராளத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் அண்டர்வோல்ட்.

முதலில் பயாஸில், அதாவது விண்டோஸ் கிளம்பும் முன்பே திறக்கிற மதர்போர்டு செட்டிங்கில், மொத்த வோல்டேஜையும் ஒரே அளவு குறைத்துப் பார்த்தேன். சூடு இறங்கியது, திரையில் கிளாக் வேகமும் அப்படியே காட்டியது. ஆனால் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் நிரலில் மதிப்பெண் விழுந்துவிட்டது. வோல்டேஜ் போதாதபோது பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளுக்குள் கிளாக்கை நீட்டி வேகத்தைக் குறைத்துவிடுகிறது, வெளியே காட்டும் எண் மாறுவதில்லை. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு நிரலில், உண்மையில் ஓடும் வேகத்தைக் காட்டும் 'எஃபெக்டிவ் கிளாக்' என்ற வரியைப் பார்த்த பிறகுதான் இது புரிந்தது. அந்த வரியைப் பார்க்காமல் "வேகம் குறையவில்லை" என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

அடுத்து கர்வ் ஆப்டிமைசர். ரைசன் 5000 வரிசையோடு வந்த வசதி. ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக வோல்டேஜை மைனஸ் 30 படி வரை இறக்கலாம், ஒரு படிக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். இது ஓவர்கிளாக்கிங், அதாவது பிராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் பகுதிக்குள் இருப்பதால் வாரண்டி பற்றி ஓர் எச்சரிக்கைப் பக்கம் வரும். அதைப் படித்துவிட்டு உள்ளே போவது நல்லது. எல்லாக் கோருக்கும் மைனஸ் 20 வைத்தேன். சூடு பெரிதாக இறங்கவில்லை! மிச்சமான வோல்டேஜைப் பிராசஸர் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளப் பயன்படுத்திவிட்டது. சூடும் சத்தமும் குறைய வேண்டுமானால் மின்வரம்பையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். பிபிடி என்ற அந்த வரம்பை 142 வாட்டிலிருந்து 105க்குக் கொண்டுவந்தேன், அதன் பிறகுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

ரெண்டரில் 89 டிகிரி தொட்டுக்கொண்டிருந்தது 74இல் நின்றது. ஃபேன் நிமிடத்துக்கு 1,700 சுற்றிலிருந்து 1,050க்கு இறங்கியது. பிளக்கில் மாட்டும் மீட்டரில் மொத்தக் கம்ப்யூட்டரும் இழுத்த 210 வாட் 165 ஆனது. சினிபெஞ்ச் ஆர்23இல் 15,200 இருந்தது 14,900. அரை மணி நேர ரெண்டரில் அரை நிமிடம் கூடியிருக்கும், அவ்வளவுதான். அன்று ராத்திரி மகள் ஃபேனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். இன்னும் இறங்குமா என்று ஆசைப்பட்டு எல்லாக் கோரையும் மைனஸ் 30 ஆக்கினேன். சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடியது. கடும் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 ஒரு மணி நேரம் ஓடியது. சரி, நிலையாகிவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் டைம்லைனைத் திறந்து வைத்துவிட்டு, பாட்டுத் தேட பிரவுசருக்குப் போனேன். திரை கறுத்து ரீஸ்டார்ட் ஆனது. சேமிக்காத இரண்டு மணி நேர வேலை போயிற்று.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முழுச் சுமையில் எல்லாக் கோரும் 4.4, 4.5 கிகாஹெர்ட்ஸில் நிதானமாக ஓடும். சும்மா இருக்கும்போதோ ஒரே ஒரு கோர் திடீரென்று 4.7க்கு மேல் தாவி மறு நொடி இறங்கும். அந்தத் தாவலுக்குத்தான் வோல்டேஜ் பற்றாமல் போகிறது. அதிலும் மிகச் சிறந்த கோர் என்று பிராசஸர் குறித்து வைத்திருக்கும் இரண்டும் ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில்தான் ஓடுகின்றன. இன்னும் குறைத்தால் முதலில் விழுவது அவைதான். நல்ல கோர் அதிகம் தாங்கும் என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிர்.

விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் வியா லாகர், எண் 18 என்று ஒரு வன்பொருள் பிழைப் பதிவு விழுந்திருந்தது. அதற்குள் ஏபிஐசி ஐடி 4 என்று, பிழை வந்த திரெட்டின் எண் இருந்தது. திரெட் என்பது ஒரு கோர் ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசை. என் பிராசஸரில் ஒரு கோருக்கு இரண்டு திரெட், ஆகவே நான்கை இரண்டால் வகுத்தால் கோர் 2. எந்தக் கோர் தடுமாறியது என்று அதுவே சொல்லிவிட்டது. கோர்சைக்ளரைத் தினமும் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். ஒவ்வொரு கோராகத் தனியே சோதிக்கும் இலவச நிரல் அது. பதினொரு ராத்திரி ஆனது. சிறந்த கோர்கள் இரண்டும் மைனஸ் 8, மற்ற ஆறும் மைனஸ் 20 என்று முடிந்தது. 2022 ஜூனிலிருந்து இன்றுவரை அந்த எண் 18 ஒரு முறைகூட வரவில்லை.

மின்கட்டணத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். 45 வாட் மிச்சம், தினம் ஐந்து மணி நேர ரெண்டர் என்றால் இரண்டு மாதத்துக்குப் பதின்மூன்று, பதினான்கு யூனிட். இதற்காக மட்டும் யாரும் பதினொரு ராத்திரி செலவிட வேண்டாம். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் மிச்சமே இல்லை. எங்கள் வீட்டில் கோடைக்காலக் கணக்கு 500 யூனிட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்பதால் அந்தப் பதினான்கு எங்களுக்குப் பெரிது. 500ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுகிறது.

எடிட்டிங் கிடையாது, விளையாட்டும் ஆபீஸ் வேலையும்தான் என்பவருக்கு பயாஸில் ஈகோ மோடு போதும். வோல்டேஜைத் தொடாமல் மின்வரம்பை மட்டும் குறைப்பது அது. தடுமாறும் ஆபத்தும் இல்லை. என் தம்பிக்கு அதைத்தான் வைத்துக் கொடுத்தேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கம்ப்யூட்டரின் வயரையே பிடுங்கி வைத்துவிட்டோம். நான்கு நாள் கழித்து மாட்டி ரெண்டர் போட்டால் பழைய இரைச்சல். கூலரில் தூசி அடைத்திருக்கும் என்று கழற்றினேன். இங்கே தூசி கடல் ஈரத்தோடு சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பிரஷ் போட்டே ஆக வேண்டும். துடைத்தும் இரைச்சல் போகவில்லை. பிறகுதான் பயாஸைப் பார்த்தேன். மதர்போர்டில் இருக்கும் சின்ன பட்டன் பேட்டரி தீர்ந்துபோய், வயர் இல்லாத நாட்களில் செட்டிங் மொத்தமும் அழிந்திருந்தது. சிஆர்2032 ஒன்று வாங்கிப் போட்டேன். எண்களை ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். பயாஸ் அப்டேட் செய்தாலும் இதேபோல அழியும் என்பதால் தாள் அவசியம்.

திருப்பாதிரிப்புலியூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மச்சான் அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அவனிடம் வந்த இன்னொரு 5800எக்ஸில் அதே எண்களைப் போட்டிருக்கிறான். இரண்டாம் நாளே போன் செய்தான். "மாமா, உங்களுது ஒன்னும் ஆகல, இதுல கோர் 5 விழுது" என்றான். ஒரே மாடல், ஒரே பெட்டி என்றாலும் ஒவ்வொரு சில்லும் வேறு. அந்தக் கோரை மட்டும் மைனஸ் 12க்கு ஏற்றி, கடையிலேயே ஐந்து ராத்திரி ஓடவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் கொடுத்தான். இப்போது அவன் கடையிலும் ஒவ்வொரு கேபினெட்டுக்குள்ளும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது.