டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை ஏஜெண்டிடம் விட்டுவைக்காதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் தொழில் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் முழுதாகப் படியுங்கள். கம்ப்யூட்டரில் செருகி ஆவணத்தில் கையெழுத்துப் போடும் உங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இப்போது யாரிடம் இருக்கிறது? டெண்டர் போட்டுத் தருபவரிடம் என்றால், நாளைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

அண்ணனும் நானும் கடலூர் சிப்காட் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறோம். அரசு டெண்டருக்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும் என்பதால் ஓர் ஏஜெண்டிடம் போனோம். இதற்கான சான்றிதழில் 2021 ஜனவரி முதல் கிளாஸ் 2 என்ற வகை கிடையாது, கிளாஸ் 3 வகை மட்டும்தான். ஆதார், பான் எல்லாம் கொடுத்து, அண்ணன் வீடியோ சரிபார்ப்பும் முடித்தார். பென் டிரைவ் மாதிரி டோக்கன் வந்தது, ஆனால் ஏஜெண்ட் அதைக் கையில் தரவில்லை. "இங்கயே இருக்கட்டும் சார். கம்ப்யூட்டர்ல டிரைவர் சாஃப்ட்வேர் போடணும், தலைவலி. நீங்க ஃபைலை அனுப்புங்க, நாங்க சைன் பண்ணிடறோம். எல்லாருதும் இங்கதான் இருக்கு" என்று மேசை டிராயரைத் திறந்து காட்டினார். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக டோக்கன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் பெயர், பெயருக்குக் கீழேயே பின் நம்பர்.

சில மாதம் கழித்து, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான கம்பெனியிலிருந்து பர்ச்சேஸ் மேனேஜர் போன் செய்தார். "என்ன சார், ஷெட் வேலைக்கு இவ்வளவு விலை போட்டிருக்கீங்க?" நாங்கள் கொட்டேஷனே அனுப்பவில்லை.

அவர் அனுப்பிய பிடிஎஃபைத் திறந்தால் எங்கள் லெட்டர்ஹெட், கீழே அண்ணன் பெயரில் டிஜிட்டல் கையெழுத்து. அதைக் கிளிக் செய்து பார்த்தோம். சான்றிதழ் அண்ணனுடையதுதான். கையெழுத்துக்குப் பிறகு ஆவணம் மாற்றப்படவில்லை என்றும் காட்டியது. போலி என்று சொல்லவே வழியில்லை. நேரம் மட்டும் கையெழுத்திட்டவரின் கணினிக் கடிகாரத்திலிருந்து எடுத்தது என்று இருந்தது, அதாவது அந்தக் கணினியில் தேதியை மாற்றி வைத்தால் இதிலும் மாறும்.

விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கம்பெனி மூன்று கொட்டேஷன் கேட்டிருக்கிறது. ஏஜெண்டின் இன்னொரு கஸ்டமருக்கு ஆர்டர் கிடைக்க, கூடுதல் விலையில் இரண்டு 'துணை' கொட்டேஷன் தேவைப்பட்டிருக்கிறது. அதில் ஒன்று எங்கள் பெயரில். ஏஜெண்டிடம் நேரில் கேட்டால், "இதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி சார், உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்கிறார். பல வருஷமாகச் சேர்த்த பெயர் சார் அது. அண்ணன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 5ஆம் பிரிவுப்படி இந்தக் கையெழுத்து பேனாவால் போட்டதற்குச் சமம். கையெழுத்தை உருவாக்கும் ரகசிய எண்ணான பிரைவேட் கீ டோக்கனுக்குள்ளேயே உருவாகி அங்கேயே இருக்கும், வெளியே எடுக்க முடியாது. ஆகவே டோக்கனும் பின்னும் யாரிடம் இருக்கிறதோ, கணினியைப் பொறுத்தவரை அவர்தான் நீங்கள். அந்தக் கீயைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பையும் 42ஆம் பிரிவு சான்றிதழ்காரர் தலையில்தான் வைக்கிறது.

சரி, ரத்து செய்துவிடலாம் என்று சான்றிதழ் வழங்கிய நிறுவனத்தைக் கூப்பிட்டால் அங்கே இன்னொரு அதிர்ச்சி. பதிவான ஈமெயில் ஏஜெண்டுடையது. நல்லவேளை, மொபைல் எண் அண்ணனுடையதாக இருந்ததால் மறுபடி அடையாளம் காட்டி ரத்து செய்தார்கள். விண்ணப்பம் போகும்போதே ஈமெயில், மொபைல் இரண்டும் உங்களுடையதுதானா என்று திரையில் பார்த்துவிடுங்கள். பின் நம்பரை நீங்களே மாற்றுங்கள். டிரைவர் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, என் அண்ணன் மகள் பத்து நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தாள். அடுத்தவர் கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் அதே சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். சைபர் கிரைமில் புகார் கொடுத்திருக்கிறோம்.

ரத்து செய்ததால் பழைய கையெழுத்துகள் அழிந்துவிடாது. எங்கள் பட்டறை பெயரில் எந்தக் கொட்டேஷன், எந்தக் கடிதம் வந்திருந்தாலும், எவ்வளவு பழையதாக இருந்தாலும், அண்ணனுக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.