மனைவிக்கு சிபில் இல்லை: இப்போதே கூட்டுக் கடனா, ஆறு மாதம் பொறுப்பதா?

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மனை பார்த்து முடித்து வீட்டுக்கடன் கேட்கப் போனதும் வங்கியில் வரும் தடங்கல் இது: கணவருக்கு சிபில் (கடன் மதிப்பெண்) 760, மனைவிக்கு -1. அதாவது கடன் வரலாறே இல்லை. கணவர் பெயரில் மட்டும் வாங்கலாம், இப்போதே இருவரும் சேர்ந்து வாங்கலாம், அல்லது ஆறேழு மாதம் பொறுத்து மனைவிக்கும் ஒரு வரலாறு ஏறியபின் சேர்ந்து வாங்கலாம். இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதவரை மூன்றாவதுதான் நல்லது.

தனியாக வாங்குவதில் தொகை இடிக்கும். சம்பளம் 40,000, அதில் பாதி ஈஎம்ஐ என்றால் 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்குச் சுமார் 23 லட்சம் வரும். மனைவியின் 18,000-ஐயும் சேர்த்தால் 33 லட்சம். தாய்வீட்டுச் சீராக வந்த மனையில் கட்டுவதானால் இந்த வழியே கிடையாது. பத்திரத்தில் பெயர் உள்ளவர் கடனிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள்.

இப்போதே சேர்ந்து கேட்டால்? முதன்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025-இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. வரலாறு இல்லாதது மட்டுமே தடையாகாது, வட்டிதான் கேள்வி. சில வங்கிகள் இருவரில் நல்ல மதிப்பெண்ணைப் பார்க்கும், சில குறைந்ததைப் பார்க்கும். கிளையில் முதலில் இதைக் கேளுங்கள்.

வட்டியில் கவனிக்க வேண்டியது ஸ்பிரெட். 1.10.2019 முதல் வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி), கட்டப்பட்டவை. ரெப்போ இறங்கினால் உங்கள் வட்டியும் இறங்கும். அதற்குமேல் வங்கி வைக்கும் ஸ்பிரெட்டில் கடனாளியின் நம்பகத்துக்கான பங்கு கடன் தரும்போதே முடிவாகிவிடும். அடுத்த ஆண்டு மனைவியின் மதிப்பெண் 780 ஆனாலும் அது தானாகக் குறையாது. எழுதிக் கேட்க வேண்டும். மறுத்தால் வேறு வங்கிக்கு மாற வேண்டும், அங்கே வக்கீல் கருத்து, மதிப்பீடு, எம்ஓடி (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு என்று மறுபடியும் செலவு. 25 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் ஈஎம்ஐ 21,696, 8.75 என்றால் 22,093. மாதம் 397 ரூபாய்தான், 20 ஆண்டில் 95,000-ஐத் தாண்டும். ஆறு மாதப் பொறுமைக்கு இது நல்ல கூலி. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு இந்த ரெப்போ விதி இல்லை. அங்கே என் வாதம் இவ்வளவு உறுதியாக நிற்காது.

அந்த ஆறு மாதத்தில் செய்ய வேண்டியது: மனைவி பெயரில் 25,000 எஃப்டி போட்டு, அதன்பேரில் கிரெடிட் கார்டு வாங்குங்கள். லிமிட் 20,000 என்றால் மாதம் 5,000-க்குமேல் தேய்க்காதீர்கள். கேஸ், கரண்ட் பில், மளிகை போதும். கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டுங்கள், மினிமம் மட்டும் கட்டினால் வட்டி ஏறும். சம்பா செலவுக்கு எப்படியும் நகை வைப்பவர்கள் இந்த முறை மனைவி பெயரில் வங்கியில் வைக்கலாம். அடகுக்கடையில் வைத்தால் சிபிலுக்குப் போகாது. ஆனால் நகைக்கடனை அறுவடைக்குப்பின் ஒரே தடவையில் திருப்புவதால் மாதத் தவணைப் பதிவு விழாது, கார்டுதான் மேல்.

நம் ஊரில் பெரிய சிக்கல் இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயரோடு எஸ். கலா, ஆதாரில் கணவர் பெயரோடு ஆர். கலா. நகைக்கடன் ஒரு பெயரில், கார்டு இன்னொரு பெயரில் போனால் பதிவு இரண்டாகப் பிரிந்துவிடலாம், உண்மையில் வரலாறு இருந்தும் -1 காட்டலாம். எஃப்டி போடுமுன் இரண்டையும் ஒன்றாக்குங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தரும். மகளிர் குழுக் கடனோ மைக்ரோ ஃபைனான்ஸ் கடனோ இருந்திருந்தால் கிரிஃப் ஹைமார்க்கை விடாமல் பாருங்கள்.

மனைவியின் வருமானம் ரொக்கமாக வந்தால் இவ்வளவும் வீண். தையல் கூலி, டியூஷன் பணம், பால் காசு எதுவானாலும் மாதாமாதம் அவர் பாஸ்புக்கில் ஏறட்டும். கோயில் மனை, மடத்து இடம் என்றால் சிபிலைப் பார்க்குமுன் வக்கீலைப் பாருங்கள். அடிமனை உங்களுடையது இல்லாதபோது வங்கி எதை அடமானம் வாங்கும்?

மூன்று மாத அக்ரிமெண்ட் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் காத்திருக்காதீர்கள். நல்ல மதிப்பெண்ணைப் பார்க்கும் வங்கியாகத் தேடி, ஒரே இடத்தில் விண்ணப்பியுங்கள். சாங்ஷன் கடிதத்தில் ரெப்போ எவ்வளவு, ஸ்பிரெட் எவ்வளவு என்று தனித்தனியே போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.