பொழுதுபோக்கு ஏரியின் வயதான கரை: புதுப்பிப்பதா, தண்ணீரைக் குறைப்பதா, வெட்டித் திறப்பதா?

படகு விடவும் மீன் பிடிக்கவும் தேக்கிய சின்ன ஏரி. அறுபது, எழுபது வயதான மண் கரை, துருப்பிடித்த மதகு. பார்த்த பொறியாளர் இதை இப்படியே விட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த நிலைக்கு வந்த எவருக்கும் பெரும்பாலும் மூன்று வழிகள்தான். கரையையும் கலிங்கையும் (மிகுந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) முழுதாகப் புதுப்பித்துப் பழைய மட்டத்திலேயே தண்ணீர் வைத்துக்கொள்ளலாம். கலிங்கைத் தாழ்த்தி வெட்டி நீர்மட்டத்தை நிரந்தரமாகக் குறைக்கலாம். இல்லையென்றால் கரையை வெட்டித் திறந்து, ஓடையை ஓடையாகவே விட்டுவிடலாம். ஏரியைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்கள் கூடி, நிறைய சண்டைக்கு அப்புறம், நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அழகு, வீட்டு மதிப்பு, உடனடிச் செலவு எல்லாம் யாரும் ஊகிக்கக்கூடியவை. முழுப் புதுப்பிப்பு பார்க்க நன்றாக இருக்கும், பணமும் நிறைய கேட்கும். தண்ணீரைக் குறைத்தால் செலவு குறையும், ஏரியும் சுருங்கும். கரையை அகற்றினால் ஏரியே இருக்காது. எங்கள் கூட்டங்களில் முக்கால்வாசி நேரம் இவற்றிலேயே போனது. ஆனால் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: இன்னும் முப்பது வருடம் இந்தக் கரையை யார் பார்த்துக்கொள்வது?

மண் கரை உடைவது பெரும்பாலும் இரண்டு விதமாக. வெள்ளம் கலிங்குக்கு அடங்காமல் கரை மேலேயே வழிந்து அரிப்பது ஒன்று. உள்ளே கசியும் தண்ணீர் மண் துகள்களை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போய் வழி உண்டாக்குவது இன்னொன்று. முதலாவது மழை நாளில் கண்ணெதிரே நடக்கும். இரண்டாவது வெயிலடிக்கும் நாளிலும் நடக்கும், யாருக்கும் தெரியாது.

அந்த உள்ளரிப்புக்குப் பிடித்த இடம் கரைக்கு அடியில் போகும் மதகுக் குழாய். குழாயைச் சுற்றி மண்ணை இறுக்கமாகத் திமிசு போடுவது எப்போதுமே கடினம். பழைய கரைகளில் பல இடங்களில் நெளிவு இரும்புத் தகட்டுக் குழாய்தான் போட்டிருப்பார்கள். அதன் ஆயுள் சுமார் 25 முதல் 50 வருடம், அதாவது கரைக்கு வயதாகும் முன்பே குழாய் செத்துவிடும். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் 1903-ல் கட்டிய லான் லேக் கரை எட்டு மீட்டர் உயரம்கூட இல்லை. குழாயும் வால்வும் சேரும் இடத்தில் அடைத்திருந்த ஈயம் கெட்டுப்போய், அங்கிருந்து பீறிட்ட தண்ணீர் கரை மண்ணை அரித்தது. 1982 ஜூலை 15 அன்று கரை உடைந்து மூன்று பேர் இறந்தார்கள். போகிற வழியில் இருந்த இன்னொரு சின்ன அணையையும் அந்த வெள்ளம் உடைத்துவிட்டது.

குழாய் இல்லாமல் இருந்தாலும் ஆபத்துதான். 1889 மே 31 அன்று அமெரிக்காவில் ஜான்ஸ்டவுன் என்ற ஊரை அழித்த சௌத் ஃபோர்க் அணை, பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டை மன்றம் ஒன்றுக்குச் சொந்தமான பொழுதுபோக்கு ஏரிதான். முன்பு வைத்திருந்தவர் அடியில் இருந்த இரும்புக் குழாய்களைப் பெயர்த்து விற்றுவிட்டார், மன்றம் அவற்றைத் திரும்பப் போடவில்லை. வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பிவிடக் கூடாதென்று கலிங்கில் கம்பி வலையும் வைத்தார்கள். பெருமழை வந்தபோது தண்ணீரை இறக்க வழியே இல்லை. இறந்தவர்கள் 2,209 பேர்.

முழுப் புதுப்பிப்பு இந்தக் குறைகளைத் தீர்க்காதா? தீர்க்கும். பழைய குழாய்க்குள் பாலிஎத்திலீன் குழாயைச் செருகி இடைவெளியில் சிமெண்டுக் கலவை ஏற்றலாம். கீழ்ப்புற முனையைச் சுற்றி, தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்து நிறுத்தும் மணல் வடிகட்டி வைக்கலாம். முன்பெல்லாம் கசிவைத் தடுக்கக் குழாயைச் சுற்றி கான்கிரீட் வளையங்கள் போடுவார்கள். அதைச் சுற்றி மண் சரியாக இறுகாமல் அதுவே பலவீனமானதால், அமெரிக்காவில் 1980-களின் நடுவிலிருந்து மணல் வடிகட்டிக்கு மாறினார்கள். கலிங்கு போதவில்லை என்றால், அதே அகலத்துக்குள் மடித்து மடித்துக் கட்டும் கலிங்குச் சுவர் அதிகத் தண்ணீரை வெளியேற்றும். நல்ல பொறியாளரும் கையில் பணமும் இருந்தால் எல்லாம் செய்யலாம்.

என் தயக்கம் வேலை முடிந்த பிறகு வரும் வருடங்களைப் பற்றியது. புதுக் கான்கிரீட்டுக்கும் வயதாகும். இங்கிலாந்தின் டாட்புரூக் நீர்த்தேக்கம் 19-ஆம் நூற்றாண்டுக் கரை. ஆனால் 2019 ஆகஸ்ட் 1 அன்று உடைந்தது 1970 வாக்கில் சேர்த்த கலிங்கின் கான்கிரீட் சரிவு. வடிவமைப்புக் குறையோடு பராமரிப்புக் குறையும் சேர்ந்துகொண்டது. கீழே இருந்த ஊரிலிருந்து சுமார் 1,500 பேரை வெளியேற்றினார்கள், ஹெலிகாப்டரில் கல் கொண்டுவந்து கொட்டினார்கள். கரை நின்றது. அது கவனிக்க ஆளும் சட்டமும் உள்ள இடம். எங்களைப் போன்ற வீட்டுக்காரர் குழுவில் செயலாளர் மாறினால் வால்வுச் சாவி எங்கே என்று தேட வேண்டும்.

பராமரிப்பு என்றால் என்ன என்பதை ஒரு தடவை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. கரையில் புல்லைக் குட்டையாக வைக்க வேண்டும், இல்லையென்றால் எலி வளையும் ஈரத் திட்டும் தெரியாது. மரம் முளைக்க விடக்கூடாது. பெரிதாக வளர்ந்துவிட்டால் சும்மா வெட்டித் தள்ளவும் முடியாது, செத்த வேர் மக்கி உள்ளே பாதை விட்டுவிடும். கலிங்கில் சேரும் கிளை, குப்பையை எடுக்க வேண்டும். வால்வை வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து மூட வேண்டும். கரையடியில் கசியும் தண்ணீரை அளந்து எழுதி வைக்க வேண்டும். தெளிவாகக் கசிந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் மண் போகிறது என்று அர்த்தம், அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். முதல் வருடம் இதையெல்லாம் எல்லோரும் செய்வார்கள். பத்தாவது வருடம்?

நீர்மட்டத்தைக் குறைப்பதன் பலம் இங்கேதான். கரை மீது தண்ணீர் தள்ளும் விசை ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஆறு மீட்டர் ஆழத்தை நான்காக்கினால் விசை பாதிக்கும் கீழே, சுமார் 44 சதவீதத்துக்கு வந்துவிடும். பள்ளத்தாக்கு வடிவ ஏரியில் கொள்ளளவு இன்னும் வேகமாகக் குறையும், தோராயமாக 30 சதவீதம்தான் மிஞ்சும். கரை உடைந்தாலும் கீழே போவது அவ்வளவுதான். இங்கிலாந்தில் 25,000 கன மீட்டருக்கு மேல் தேக்கும் நீர்த்தேக்கங்களுக்குத்தான் கட்டாயச் சட்ட ஆய்வு. கொள்ளளவை அதற்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்தே வெளியேறலாம்.

எங்களுக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது, பழைய குழாயைச் சிமெண்டுக் கலவையால் நிரப்பி நிரந்தரமாக மூடிவிட முடிந்தது. (அதன் கீழ்முனையிலும் மணல் வடிகட்டி வேண்டும். மூடிய குழாயின் வெளிப்பக்கத்தில் கசிவு நிற்கும் என்று உத்தரவாதம் கிடையாது.) இனித் தண்ணீர் போவது தாழ்த்தி வெட்டிய திறந்த கலிங்கு வழியாக மட்டும். அதில் விரிசல் விழுந்தால் நடைக்குப் போகிறவருக்கும் தெரியும். அவசரத்துக்கு இறக்க, கரை மேல் போகும் சைஃபன் குழாய் வைத்தோம். தண்ணீரை ஏழு மீட்டருக்கு மேல் உறிஞ்சி ஏற்ற அதை நம்பக்கூடாது, எங்கள் உயரத்துக்குப் போதும்.

குறைகளும் உண்டு. ஏரியின் பரப்பும் ஏறக்குறைய பாதியானது. படகுத்துறைகள் சேற்றில் நிற்கின்றன. கரையோரம் களைச்செடி, வெயில் காலத்தில் பாசி. மோட்டார் படகுக்காரர்களுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, துடுப்புப் படகுக்காரர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. இவற்றை விடப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. உச்சி அப்படியே இருக்க மட்டம் இறங்கினால், வெள்ளம் தற்காலிகமாக நிற்க இடம் கிடைக்கும். அது நல்லதுதான். ஆனால் வருடக்கணக்காக வெயிலில் காய்ந்து வெடித்த மேல் கரையில் திடீரென்று தண்ணீர் ஏறும். அமெரிக்காவின் மிச்சிகனில் 1924-ல் கட்டிய ஈடன்வில் அணை 2020 மே 19 அன்று, தண்ணீர் உச்சியைத் தாண்டும் முன்பே சரிந்தது. ஏரி மட்டம் வழக்கத்தை விட உயர்ந்ததும் கரையின் தளர்ந்த மணல் பலமிழந்துவிட்டது. எங்கள் கரையை இதுவரை பெரிய வெள்ளம் சோதிக்கவில்லை. அதனால் கலிங்கை அகலமாகவும் வெட்டினோம். உச்சியையும் கொஞ்சம் வழித்துவிட வேண்டும் என்று நான் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். இந்த வழிக்குப் போகிறவர்கள் தண்ணீரை மெதுவாக இறக்குங்கள், நாளைக்கு 30 செ.மீ.க்கு மேல் வேண்டாம். வேகமாக இறக்கினால் ஈரம் சுமந்த உள்சரிவு வழுக்கி விழும்.

கரையை அகற்றுவதைப் பற்றி நான் சொல்வது, செய்தவர்களிடம் கேட்டதும் படித்ததும்தான். பராமரிப்புக் கணக்கில் அதை அடிக்க எதுவும் இல்லை, முப்பது வருடம் கழித்துப் பார்க்க அங்கே எதுவும் இருக்காது. சிக்கல் வண்டலில். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் 1973-ல் ஃபோர்ட் எட்வர்ட் அணையை எடுத்தபோது, பின்னால் தேங்கியிருந்த பிசிபி என்ற தொழிற்சாலை நஞ்சு கலந்த வண்டல் ஆற்றோடு இறங்கிவிட்டது. சின்ன ஏரியிலும் மேலே வயலோ தொழிற்சாலையோ இருந்தால் முதலில் வண்டலைச் சோதிக்க வேண்டும். வெட்டின இடத்தைச் சரியாக அமைக்காவிட்டால் ஓடை மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகும்.

கரைக்கு நேர் கீழே வீடுகள் நெருக்கமாக வந்துவிட்டன, பராமரிக்கக் குழுவும் இல்லை என்றால், எனக்குப் பிடித்த இரண்டாவது வழியை நானே பரிந்துரைக்க மாட்டேன். கட்டும்போது கீழே வெறும் வயலாக இருந்த இடம் இன்று தெருவாகியிருக்கும், கரை மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கும். கரை உடைந்தால் தண்ணீர் எங்கே எவ்வளவு நேரத்தில் எட்டும் என்ற வரைபடத்தை முதலில் போடச் சொல்லுங்கள். பாதித் தண்ணீரிலும் அந்த வீடுகள் மூழ்கும் என்று அது காட்டினால், வெட்டித் திறப்பதற்கான விலைப்புள்ளியை வாங்கி வைத்துக்கொண்டு கூட்டத்தைக் கூட்டுங்கள்.