டயாட்டத்துக்கு ஒரு வெளிச்சம், கடற்பஞ்சு முள்ளுக்கு வேறொன்று

டயாட்டம் என்பது சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச் செல் பாசி; கடற்பஞ்சு முள் என்பது கடற்பஞ்சின் உடலைத் தாங்கும் நுண்ணிய எலும்புத் துண்டு. நியூசிலாந்தின் ஓமரு பகுதி டயாட்டம் மண்ணைச் சுத்தம் செய்து மைக்ராஸ்கோப் ஸ்லைடில் பரப்பினால், ஈயோசீன் காலப் பிற்பகுதியின் (சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) டயாட்டம் ஓடுகளும் கடற்பஞ்சு முட்களும் ஒன்றாகவே கிடக்கும். இரண்டும் சிலிக்காதான். ஆனால் ஒரே வெளிச்சத்தில் இரண்டையும் நன்றாகப் படமெடுக்க முடியாது. டயாட்டத்தின் அழகு முழுக்க மைக்ரான் அளவில் வரிசைகட்டி நிற்கும் துளைகளில் இருக்கிறது. முள்ளோ பல நூறு மைக்ரான் வரை நீளும் கண்ணாடிக் கம்பி.

முதலில் எல்லா மைக்ராஸ்கோப்பிலும் உள்ள பிரைட்ஃபீல்டு, அதாவது கீழிருந்து ஒளி நேராகப் பாய்ந்து பின்புலம் வெளிச்சமாகத் தெரியும் முறை. இதில் வெளிச்சத்தைவிட ஸ்லைடைப் பதித்த பிசின்தான் முக்கியம். டயாட்டம் சிலிக்காவின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) சுமார் 1.43, கனடா பால்சம் என்ற பிசினுக்கு 1.53. வித்தியாசம் குறைவு என்பதால் ஓடு வெளிறிப் போகும். கான்ட்ராஸ்ட் வேண்டி ஸ்லைடுக்குக் கீழிருந்து ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் ஐரிஸ் துளையைக் குறுக்கினால் நுணுக்கம் போய், பொய்யான வளையங்கள் வந்து சேரும். ஒளிவிலகல் எண் 1.7-ஐ ஒட்டிய நாஃப்ராக்ஸ் பிசினில் பதித்த ஸ்லைடில் அதே லென்ஸ் வேறு லென்ஸ் மாதிரி வேலை செய்யும். புது ஆப்ஜெக்டிவ் (ஸ்லைடை ஒட்டியுள்ள லென்ஸ்) வாங்க நினைப்பவர் முதலில் பிசினை மாற்றிப் பார்க்கலாம். முள்ளுக்கு நிலைமை தலைகீழ்: நாஃப்ராக்ஸில் விளிம்பு தடித்த கறுப்புக் கோடாகி, நடுவில் ஓடும் அச்சுக்குழாயை அமுக்கிவிடும். அதற்குப் பால்சமே நல்லது.

டயாட்டத்துக்கு என் தேர்வு சாய்வொளி. கண்டென்சருக்குக் கீழே ஒரு கறுப்பு அட்டையை வைத்து ஒளியின் ஒரு பக்கத்தை மறைத்தால் போதும், செலவே இல்லை. நேர் ஒளியில் ஐரிஸை நன்றாக மூடியிருக்கும்போது பிரித்துக் காணக்கூடிய மிகச்சிறிய இடைவெளி, அலைநீளத்தை ஆப்ஜெக்டிவின் என்.ஏ.-ஆல் (லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை வாங்கும் என்ற எண்) வகுத்த அளவு. ஒளி விளிம்பிலிருந்து சாய்ந்து வந்தால் அது பாதியாகக் குறையும். பச்சை ஒளியில் 0.65 என்.ஏ. உள்ள 40x லென்ஸுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 0.85 மைக்ரான் 0.42 ஆகிறது. சோதனைக்குப் பேர்போன பிளூரோசிக்மா அங்குலாட்டம் டயாட்டத்தின் வரிகள் அரை மைக்ரான் இடைவெளியில் இருப்பவை. முன்னதில் தெரியாது, பின்னதில் தெரியும். கால் மைக்ரான் வரிகள் கொண்ட ஆம்ஃபிப்ளூரா பெல்லுசிடா கேட்பது ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் நடுவில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் எண்ணெய் லென்ஸையும், முடிந்தால் நீல ஃபில்டரையும்.

குறையும் உண்டு. ஒளி வரும் திசைக்குக் குறுக்கே ஓடும் வரிகள்தான் தெளியும். ஸ்லைடைச் சுழற்றினால் வேறு வரிகள் எழும். நிழல் விழுந்தது போன்ற மேடு பள்ளமும் வெறும் தோற்றம்தான். படத்தை வைத்து எது மேடு, எது குழி என்று தீர்ப்பு சொல்லக்கூடாது. வட்டமாக எல்லாப் பக்கமும் சாய்வொளி கொடுத்தால் இந்த ஒருதலைப்பட்சம் போகும், ஆனால் புடைப்புத் தோற்றமும் கூடவே போய்விடும்.

முட்களுக்கு டார்க்ஃபீல்டுதான்: நேர் ஒளியை மறைத்து, பொருளில் பட்டுச் சிதறும் ஒளியை மட்டும் பார்க்கும் முறை. 10x லென்ஸும், கண்டென்சரின் நடுவில் சரியான அளவுள்ள கறுப்பு வட்டும் போதும். கறுப்பு வானத்தில் முட்கள் விளிம்பு ஒளிரத் தனித்தனியாக நிற்கும். சில டயாட்டங்கள் இதில் நீலமும் பொன்னிறமுமாக மின்னுவது விளிம்பு விளைவு (நுண்துளைகளில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்ஷன்) தரும் நிறம், சாயம் எதுவும் இல்லை. ஒரே தொல்லை, ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு தூசியும் ஒளிரும். கவர் ஸ்லிப்பைத் துடைக்கச் சோம்பல்படுபவர்களுக்கு இந்த முறை வேண்டாம்.

ஃபேஸ் கான்ட்ராஸ்ட் இதற்கு ஏற்றதில்லை. மெல்லிய செல்களுக்கான கருவி அது. தடித்த சிலிக்காவைச் சுற்றி ஒளிவட்டம் போட்டுவிடும். பிரிசங்களால் ஒளியைப் பிரித்துப் புடைப்புத் தோற்றம் தரும் டி.ஐ.சி. முறை அழகான படம் தரும், ஆனால் அந்தப் பிரிசங்களின் விலையைக் கேட்டால் அட்டைத்துண்டின் அருமை புரியும்.

அப்புறம் ஸ்டாக்கிங்: வெவ்வேறு ஆழத்தில் ஃபோகஸ் செய்த பல படங்களை மென்பொருளில் ஒன்றாக்குவது. சாய்ந்து கிடக்கும் முள்ளுக்கு இது கட்டாயம், ஏனென்றால் 0.25 என்.ஏ. கொண்ட 10x லென்ஸில் ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் 9 மைக்ரான் அளவே. முட்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டால் மென்பொருளில் பிரமிட் முறையை (நுணுக்கங்களைப் பல அளவுகளில் பிரித்துச் சேர்ப்பது) தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஆழத்தைக் கணிக்கும் ஆழ வரைபட முறை சந்திப்புகளைச் சிதைத்துவிடும். பிரமிட் இரைச்சலைக் கூட்டும் என்பதால் ஐ.எஸ்.ஓ.-வைக் குறைத்தே எடுக்க வேண்டும். தட்டையான டயாட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஃபிரேம் போதும்.

படமெடுத்த முள் என்ன பொருள் என்பதில் சந்தேகம் வந்தால், ஒளியின் அதிர்வை ஒரே திசைக்குக் கட்டுப்படுத்தும் இரண்டு போலரைசர் ஃபில்டர்களைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். ஓபல் சிலிக்கா (படிகமாகாத சிலிக்கா) கறுப்பாகவே இருக்கும். கால்சைட் (சுண்ணாம்புப் படிகம்) முள் ஒளிரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவிய மாதிரியில் கால்சைட் மிஞ்சாது. அதிலும் ஒரு முள் ஒளிர்ந்தால், பழைய ஓபல் கால்செடனியாக (நுண்படிகக் குவார்ட்ஸ்) மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.