டிஜிட்டல் ஸ்கை டிரோன் மேப்: கல்யாண வீடியோ எடுக்கறவன் ரிவ்யூ

திருச்சியில கல்யாண வீடியோ எடுக்கறேன். இப்பல்லாம் பொண்ணு வீட்டுக்காரங்க ரேட் கேக்கறதுக்கு முன்னாடியே "டிரோன் உண்டுல்ல தம்பி?"ன்னு தான் ஆரம்பிக்கறாங்க, அதனால எந்த மண்டபம்னு சொன்ன உடனே நான் தொறக்கறது டிஜிசிஏவோட (விமானப் போக்குவரத்த கவனிக்கற மத்திய அரசு அமைப்பு) டிஜிட்டல் ஸ்கை தளத்துல, எங்க டிரோன் பறக்க விடலாம்னு காட்டற ஏர்ஸ்பேஸ் மேப். ஃப்ரீ தான், மேப் பாக்க லாகின் கூட வேணாம். செப்டம்பர் 2021ல விட்டாங்க.

பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு கலர். பச்சைன்னா பர்மிஷன் வேணாம், மஞ்சள்னா அந்த ஏரியா ஏர் டிராஃபிக் கன்ட்ரோல்ல கேக்கணும், சிவப்புன்னா மத்திய அரசு அனுமதி, அதாவது நம்ம மாதிரி ஆளுங்க மறந்துடலாம். நிறைய பேர் கோட்டை விடறது உயரத்துல தான். பச்சைன்னா இஷ்டத்துக்கு ஏத்தலாம்னு இல்ல, தரையிலேருந்து 400 அடி வரைக்கும் தான் பச்சை, அதுவும் ஏர்போர்ட் காம்பவுண்ட்லேருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வளையத்துல 200 அடியோட முடிஞ்சுது, அதுக்கு மேல போனா மஞ்சள். 5லேருந்து 8 கிலோமீட்டருக்குள்ளன்னா தரையிலேருந்தே மஞ்சள்.

நம்ம ஊர்ல வச்சு பாருங்க, ஸ்ரீரங்கம் அந்த 8-12 வளையத்துல வருது. ராஜகோபுரம் 236 அடி, உங்களுக்கு பச்சை 200 அடி. அப்ப பக்கத்து தெருவுல கல்யாணம்னாலும் கலசத்துக்கு மேலேருந்து இறங்கற ஷாட் பர்மிஷன் இல்லாம கிடையாது, பாதி கிளையன்ட் கேக்கறது அதே ஷாட் தான்! மலைக்கோட்டை ஏர்போர்ட்டுக்கு இன்னும் கிட்ட, அது மஞ்சள் வளையத்துக்குள்ளயே வந்துடுது.

இதுக்காக திட்டவும் மனசு வரல, ஏன்னா முன்னாடி இந்த மஞ்சள் 45 கிலோமீட்டர் வரைக்கும் இருந்துது, மணப்பாறை கூட உள்ள வரும். ஆகஸ்ட் 2021ல வந்த டிரோன் ரூல்ஸ்ல தான் 12ஆ கொறச்சாங்க. நல்ல வேலை.

எனக்கு இந்த மேப் ரொம்ப உதவறது வாக்குவாதத்த முடிக்க. ஒரு பொண்ணோட பெரியப்பா விடவே இல்ல, "இது கையளவு தான இருக்கு, 250 கிராம் கூட இல்லன்னு நீங்களே சொல்றீங்க, இதுக்கு என்ன ரூல்?"ன்னார். சார், 250 கிராமுக்குள்ள இருந்தா பைலட் சர்ட்டிஃபிகேட் வேணாம், அவ்ளோ தான், இந்த இடம் சிவப்பு, சிவப்புன்னா சிவப்பு தான்னு போன்ல மேப்ப காட்டினேன். ரூல மீறினா 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு சேத்து சொன்னதும் மனுஷன் பந்திய கவனிக்க போயிட்டார். (கல்யாணம் காசுக்கு எடுக்கறது, அதனால 250 கிராம தாண்டின டிரோன் வச்சிருக்கறவங்களுக்கு சர்ட்டிஃபிகேட் கட்டாயம், "ஹாபிக்கு தான்"ன்னு சொல்லி தப்பிக்க முடியாது.)

முந்தின வாரம் எடுத்த ஸ்கிரீன்ஷாட்ட நம்பி போகாதீங்க. எஸ்.பி. ரேங்க்ல இருக்கற அதிகாரி ஒரு இடத்த 96 மணி நேரம் வரைக்கும் தற்காலிக சிவப்பா அறிவிக்கலாம், விஐபி வர்றாங்கன்னா திடீர்னு நடக்கும், அதான் ஒவ்வொரு தடவ பறக்க விடறதுக்கு முன்னாடியும் தளத்துல பாக்கணும்னு ரூல்லயே இருக்கு. நான் முகூர்த்தத்தன்னைக்கு காலைல காபிக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுவேன்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ணு கொறச்சது எதுக்குன்னா மேப் வானத்த பத்தி தான் பேசும், கீழ இருக்கற கோயில் நிர்வாகமோ மண்டப ஓனரோ ஒத்துக்கணும்ங்கறத கலர் சொல்லாது. அது தனியா கேட்டுக்கோங்க, அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடியே.