செட்டிநாட்டு வீட்டுக்கு வெளிர் நீலம்: சுண்ணாம்பா, எமல்ஷனா?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் நிற அட்டையைப் புரட்டும் நேரத்தில் பாதியாவது சுவரைத் தட்டிப் பார்ப்பதற்குச் செலவிடலாம். சுண்ணாம்புக் காரையா, சிமென்ட் பூச்சா என்பதுதான் முதல் கேள்வி.

காரைச் சுவர் என்றால் நீலம் கலந்த சுண்ணாம்புதான். மழைக்காலத்தில் முற்றத்தை ஒட்டிய சுவர் அடியில் ஈரம் இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பிளாஸ்டிக் பெயின்ட்) அதை உள்ளேயே அடைத்துவிடும். அப்புறம் இடுப்பு உயரம் வரை கொப்புளம், உப்புப் பூத்தல், தோல் தோலாக உரிதல்.

10க்கு 12 அடி அறைக்கு, 10 அடி உயரம் என்றால், 5 கிலோ சுட்ட சுண்ணாம்பு மூன்று கைக்கு (மூன்று முறை அடிக்க) போதும். கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துக் கண்ணில் தெறிக்கும். ஒரு நாள் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த கோந்து சேர்க்கவும். சேர்க்காவிட்டால் சாய்ந்தவர் முதுகெல்லாம் வெள்ளை!

கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராம் நீலம் வெள்ளையை எடுப்பாகக் காட்ட மட்டுமே. வெளிர் நீலத்துக்கு 10 கிராமில் தொடங்கலாம். அல்ட்ராமரின் என்ற நீல நிறமியைத் தூளாக வாங்குங்கள். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பின் காரத்தில் பழுப்பேறும், துணிக்குப் போடும் சொட்டு நீலம் வெளுத்துவிடும். தூளைத் தனியே கரைத்து வடிகட்டாமல் கொட்டினால் பிரஷ் போகும் வழியெல்லாம் கருநீலக் கோடு. ஈரத்தில் பார்த்து நிறத்தை முடிவு செய்யக் கூடாது. காய்ந்தால் பல மடங்கு வெளுக்கும். மூலையில் ஓரடி அடித்து மறுநாள் பாருங்கள். ஒரு அறைக்கானதை ஒரே தடவையில் கலக்கவும். சுவரை நனைத்துவிட்டு, பால் பதத்தில் மெல்லியதாக அடிக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் வெடித்து உதிரும்.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பழைய பூச்சில் எதையும் அடிக்காதீர்கள். வழவழப்பில் ஒட்டாது, ஒட்டுவதற்காக உப்புத்தாள் போட்டால் அந்த மெருகு போனது போனதுதான்.

புதிய சிமென்ட் வீட்டுக்கு எமல்ஷன். துடைக்கலாம், நிறமும் சீராக நிற்கும். பூச்சு 28 நாள் ஆறிய பிறகு பட்டி (சுவரைச் சமப்படுத்தும் மாவு), பிரைமர் (அடிப்பூச்சு), அதன் மேல் எமல்ஷன் இரண்டு கை. அதே அறைக்குக் கிட்டத்தட்ட 3 லிட்டர். எல்லா டப்பாவிலும் ஒரே பேட்ச் எண்ணா என்று பார்த்து வாங்குங்கள். டிஸ்டெம்பர் என்ற சாதாரண நீர்ப் பெயின்ட் மலிவு, அவ்வளவுதான். வாடகை வீட்டுக்குச் சரி.

ஆத்தங்குடித் தரைக் கல்லின் (பூ வேலைப்பாட்டு டைல்) சிவப்பு, மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சை கலந்த நீலம் அழுக்காகத் தெரியும். சாம்பல் கலந்தது பொருந்தும். வெளிச்சம் குறைந்த உள்ளறையில் அதே சாம்பல் நீலம் இருண்டுபோகும், அங்கே ஒரு படி வெளிரியதை எடுங்கள்.

சிமென்ட் சுவரில் சுண்ணாம்பிலிருந்து எமல்ஷனுக்கு மாற நினைத்தால் பழையதைச் சிமென்ட் பூச்சு தெரியும் வரை சுரண்ட வேண்டும். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு நிற்கவே நிற்காது.