கார் இடைக்கிடை ஸ்ரார்ட் வராவிட்டால் உடனே சாமான் மாற்ற விடாதேங்கோ

யாழ்ப்பாணத்தில் பழைய ஜப்பான் கார் வைத்திருக்கிற ஆக்களுக்காக இதை எழுதுகிறேன். நாலு மாதத்தில் என்னிடம் இருந்து 84,000 ரூபா போனது. பழுது இருந்தது ஒரு முழ வயரில்.

என்னுடையது 2007 டொயோட்டா விட்ஸ், ஓட்டோ கியர். பத்துத் தரம் ஒழுங்காக ஸ்ரார்ட் வரும். பதினோராவது தரம் திறப்பைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரேயொரு சத்தம், அவ்வளவுதான். ஐந்தாறு தரம் திருப்பத் திருப்ப, ஒன்றும் நடக்காதது போல இஞ்சின் எழும்பும். நியூட்ரலில் போட்டுப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. ஒரு விசயத்தை மட்டும் வடிவாகக் கவனித்தேன்: அந்த ‘டக்’ கேட்கிற நேரத்திலும் முன் லைற் மங்கவே இல்லை.

நகரத்துக்குக் கிட்ட உள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுபோய் இதை அப்படியே சொன்னேன். பெரிய கராஜ், வாசலில் எப்போதும் ஆறேழு வாகனம் நிற்கும். முதலாளி பொனற்றைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. “பற்றரி அண்ணை. மாத்தினாச் சரி.” லைற் மங்கவில்லையே என்று கேட்டேன். “லைற்றுக்குக் காணும், மோட்டருக்குக் காணாது” என்றார். அது முழுப் பொய்யும் இல்லை. இஞ்சினைச் சுற்றி எழுப்புகிற ஸ்ரார்ட்டர் மோட்டர் இழுக்கிற கரண்ட் நூறு அம்பியருக்கு மேல் போகும். ஆனால் பற்றரி அவ்வளவு இளைத்திருந்தால் திருப்புகிற நேரம் லைற்றும் சேர்ந்து செத்துப்போகும். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு 38,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன்.

இரண்டு கிழமை ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் விடியப்புறம் ஐந்து மணிக்கு, அம்மாவைப் போதனா வைத்தியசாலை கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு திறப்பைத் திருப்பினேன். டக். அம்மா கிளினிக் கொப்பியை மடியில் வைத்தபடி பேசாமல் இருந்தா. ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர முன்னுக்கு நம்பர் முடிந்துவிட்டது.

திரும்பவும் அதே கராஜ். இந்த முறை ஸ்ரார்ட்டர் மோட்டர் என்றார்கள். காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், பின்னேரம் எடுத்தேன். ரீகண்டிஷன் மோட்டரும் கூலியுமாக 46,000. பழைய மோட்டரைத் தாங்கோ என்று கேட்டதற்கு, “அதை அப்பவே பழைய இரும்புக்குப் போட்டாச்சு” என்று பதில். அது காரோடு ஜப்பானில் இருந்து வந்த டென்சோ மோட்டர். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய சாமானுக்கு என்ன விலை ஏறியது என்று எல்லாருக்கும் தெரியும். அதை இரும்பு விலைக்குப் போட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

மூன்று கிழமையில் பண்ணைப் பாலத்தடியில் கார் படுத்தது. வேலணையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிற வழி, பிள்ளைகளும் கூட. கராஜுக்கு ஃபோன் எடுத்தால் “அப்ப எண்ணெய்ப் பம்பாத்தான் இருக்கும், ஒரு 55 ஆயிரம் வரும்” என்கிறார்கள். மோட்டரே சுற்றாத வண்டிக்குப் பெற்றோல் பம்ப் என்ன செய்யும்? அன்றைக்குத்தான் எனக்குக் கண் திறந்தது.

பிறகு கோண்டாவில் பக்கம் வயரிங் வேலை செய்கிற வயசான ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு சாமானையும் கழற்றவில்லை. வோல்ற் அளக்கிற மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸ் தலையிலும், சிவப்பு முனையை இஞ்சினின் வெறும் இரும்பிலும் பிடித்தார். “தம்பி, இப்ப திருப்பும்.” எட்டாவது தரம் ‘டக்’ கேட்டது. மீற்றரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பத்து வோல்ற்றுக்கு மேலே. “இதில அரை வோல்ற் இருந்தாலே கூடுதல். கரண்ட் திரும்பி வாற வழி அடைபட்டுக் கிடக்கு.”

பற்றரித் தட்டைத் தூக்கினார். மைனஸில் இருந்து கியர்பொக்ஸுக்குப் போகிற ஏர்த் வயரின் முனையில், போல்ற்றைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. விரலால் நசித்ததும் உள்ளே செப்பு மாவாக உதிர்ந்தது. தீவுப் பக்கம் அடிக்கடி ஓடுகிற வண்டி, உப்புக் காற்று. புது வயர் போட்டு, போல்ற் இருக்கிற இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, கிறீஸ் பூசி 3,500 ரூபா எடுத்தார். ஐந்து மாதமாக ஒரு ‘டக்’ இல்லை.

பற்றரி மாற்றியபோதும் மோட்டர் மாற்றியபோதும் கொஞ்ச நாள் ஏன் சரியாக ஓடியது என்று அவரிடமே கேட்டேன். “அதுகளைக் கழட்டேக்க கை பட்டு வயர் அசைஞ்சிருக்கும்” என்றார். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். வேலை செய்து இரண்டு கிழமை ஓடிவிட்டால் பழுது பிடிபட்டது என்று நினைத்துவிடுகிறோம்.

மோட்டருக்குள் கரண்டை இணைக்கிற செப்புக் கொன்ராக்ற் தேய்ந்தாலும் இதே சத்தம் வரும். அதை மட்டும் மாற்றலாம், முழு மோட்டர் தேவையில்லை. எதுவானாலும் ஸ்ரார்ட் வராத அந்த நேரத்தில் மீற்றர் பிடித்துப் பார்க்காமல் சாமான் பெயர் சொல்கிறவரிடம் காரை விட்டுவிட்டு வராதேங்கோ. நிற்பாட்டின கார் பற்றரியில் 12.6 வோல்ற் அளவு இருக்க வேணும், இஞ்சின் ஓடும்போது 14 பக்கம். மீற்றர் ஒன்று நீங்களே வாங்கி வைத்திருக்கலாம். கழற்றுகிற சாமானைக் கையோடு தரவேணும் என்று வேலை தொடங்க முதலே சொல்லுங்கோ.

பற்றுச்சீட்டையும் விடாதேங்கோ. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். என்னிடம் இருப்பது கராஜின் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுக் கடதாசி, அதில் ‘மோட்டர் 46’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. போன கிழமை பழைய மோட்டரையும் ஒழுங்கான பில்லையும் கேட்டுத் திரும்பவும் போனேன். முதலாளி கொழும்புக்குப் போய்விட்டாராம்.